கடற்காற்று அடிக்கும் தெருவில் வீட்டின் முகப்பு: எதிலிருந்து தொடங்குவது?

காலடிப்பேட்டை வாசல் | செப்டம்பர் 14

அனைவருக்கும் வணக்கம். சென்னை திருவொற்றியூர் காலடிப்பேட்டையில், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் எங்கள் வீடு இருக்கிறது. தரைத்தளத்தை என் மாமனார் 1994இல் கட்டினார். மேல் மாடியை நாங்கள் 2008இல் எழுப்பினோம். கிழக்குப் பார்த்த வாசல். அகலம் 22 அடி, தெருவிலிருந்து கைப்பிடிச்சுவரின் உச்சி வரை ஏறத்தாழ 25 அடி. இரண்டு பக்கமும் அடுத்த வீடுகள் ஒட்டி நிற்பதால், எங்கள் வீடு என்று ஊருக்குத் தெரிவது இந்த முகப்பு மட்டும்தான்.

கடைசியாக 2018இல் இளமஞ்சள் நிறத்தில் எமல்ஷன் அடித்தோம். இப்போது மஞ்சள் எங்கே, புகை எங்கே என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கைப்பிடிச்சுவரிலிருந்து கறுப்புக் கோடுகள் கண்ணீர் வழிந்ததுபோல இறங்கியிருக்கின்றன. முன்பக்கச் சன்ஷேடின் அடியில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை உப்புப் பூத்துப் பூச்சு உதிர்கிறது. வருகிற மாசியில் மகளுக்குத் திருமணம் என்பதால் இந்த முறை ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று நினைக்கிறோம்.

பார்க்க வந்த ஒப்பந்தக்காரர் ஒருவர், கீழ்ச்சுவர் முழுக்க எலிவேஷன் டைல்ஸ் ஒட்டிவிட்டால் சுவரில் ஏறும் ஓதம் (ஈரம்) தெரியாது என்றும், சன்ஷேடை அலுமினியப் பலகையால் மூடிவிடலாம் என்றும், மீதிக்குக் கருஞ்சாம்பலும் வெள்ளைப் பட்டையும் அடித்தால் புது வீடுபோல ஆகிவிடும் என்றும் சொன்னார். முகப்புக்கு மட்டும் 20 லிட்டர் பெயின்ட் வேண்டுமாம். தீபாவளிக்கு முன் பத்தே நாளில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். என் கணவருக்கு அந்தப் படங்கள் பிடித்துவிட்டன. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்று விளக்கவும் தெரியவில்லை. இந்தப் பகுதியில் வீடு வைத்திருப்பவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

உப்புக்காற்று | செப்டம்பர் 14

அம்மா, நான் காசிமேட்டில் வளர்ந்தவன். கட்டடப் பணிகளில் மேற்பார்வையாளராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் மனம் ஒப்பாததற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் அடுக்கிய குறைகளில், மங்கிய மஞ்சளைத் தவிர மற்ற மூன்றும் நிறத்தைப் பற்றியவையல்ல. அவை தண்ணீரையும் உப்பையும் பற்றியவை. ஒப்பந்தக்காரர் சொன்ன தீர்வுகளோ அவற்றை மறைப்பவை.

முதலில் கறுப்புக் கோடுகள். மழை இல்லாத நாட்களில் கைப்பிடிச்சுவரின் தலையில் புழுதியும் கரியும் படிகின்றன. அந்தத் தலை மட்டமாகவோ தெருப்பக்கம் சாய்ந்தோ இருந்தால், முதல் மழை அத்தனை அழுக்கையும் முகப்பின் மேல்தான் கொண்டு வந்து இறக்கும். எவ்வளவு விலையுயர்ந்த பெயின்ட் அடித்தாலும் ஒரே மழைக்காலத்தில் கோடுகள் திரும்பி வந்துவிடும். கொத்தனாரை வைத்துக் கைப்பிடிச்சுவரின் தலைக்கு மொட்டைமாடிப் பக்கம் வாட்டம் (சரிவு) கொடுத்துப் பூசச் சொல்லுங்கள். ஒரு நாள் வேலை. அதேபோல, சன்ஷேடின் அடிப்பக்கத்தில் முன் ஓரத்தை ஒட்டி விரல் நுழையும் அளவுக்கு ஒரு காடி (நீளப் பள்ளம்) இழுத்துவிட்டால், ஓரத்தில் வந்த நீர் உள்ளே ஓடிச் சுவரைத் தொடாமல் அங்கேயே சொட்டிவிடும். பழைய கொத்தனார்கள் இதைச் சொல்லாமலே செய்வார்கள். இப்போது கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

அடுத்து, கம்பி. இதுதான் அவசரமானது. கடற்காற்றில் வரும் குளோரைடு காரைக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அந்த நெருக்கத்தில்தான் காரை வெடித்து விழுகிறது. இதன்மேல் அலுமினியப் பலகை அடித்தால் உள்ளே நடப்பது யாருக்கும் தெரியாமல் நடந்துகொண்டே இருக்கும், ஒரு நாள் பலகையோடு சேர்ந்து கீழே வரும். தளர்ந்த காரையைக் கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி எடுத்து, கம்பிப் பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து நீக்கி, நல்ல தண்ணீரால் கழுவி உலர்த்தி, துத்தநாகம் கலந்த துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பிறகு பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். கம்பியின் பருமன் கணிசமாகக் குறைந்திருந்தால் கூடுதல் கம்பி இணைக்காமல் மூடக் கூடாது.

ஓதத்தைப் பற்றி நாளை எழுதுகிறேன். அதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் தெரு, வீடு கட்டிய காலத்தைவிட எவ்வளவு உயர்ந்திருக்கிறது?

கடைசி மாடி | செப்டம்பர் 15

மேலே எழுதியவர் அனுபவசாலி என்பதில் ஐயமில்லை. ஆனாலும் அலுமினியப் பலகையை இப்படி ஒரேயடியாக ஒதுக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். கொளத்தூரில் எங்கள் வீட்டு முகப்பில் மூன்று ஆண்டுகளாக இருக்கிறது. ஈரத்துணியால் துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடுகிறது. பெயின்ட் அடித்தவர்கள் எல்லாரும் நிறம் மங்கிவிட்டது என்று புலம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

உப்புக்காற்று | செப்டம்பர் 15

தம்பி, கொளத்தூர் கடலிலிருந்து தள்ளியிருப்பதே உங்கள் பலகையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. கடலோரத்தில் முதலில் போவது பலகை அல்ல, அதைப் பிடித்திருக்கும் இரும்புச் சட்டமும் திருகுகளும்தான். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் கரையைக் கடந்தபோது இத்தகைய பலகைகள் காகிதம்போலப் பறந்ததை நான் பார்த்திருக்கிறேன். மலிவான பலகையின் இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் இருப்பது எரியக்கூடிய பாலிஎத்திலீன் என்பதையும் மறக்க வேண்டாம். மின்மீட்டர்ப் பெட்டிக்கு மேலேயே அதை அடித்திருக்கும் வீடுகளைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பலகை வேண்டுமென்றால் நல்ல சுவரின் மேல் அடியுங்கள். நோயுள்ள சுவரின் மேல் அடிக்காதீர்கள் என்பதுதான் என் பேச்சு.

காலடிப்பேட்டை வாசல் | செப்டம்பர் 15

ஐயா, நீங்கள் கேட்டதும் என் கணவர் டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். என் மாமனார் காலத்தில் தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் உள்ளே வருவோம். இப்போது ஒரு படிதான் வெளியே தெரிகிறது. இரண்டு படிகளைச் சாலை விழுங்கிவிட்டது. ஏறத்தாழ 14 அங்குலம்.

உப்புக்காற்று | செப்டம்பர் 16

நான் நினைத்ததுதான். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுத் தாரைப் போட்டுக்கொண்டே வந்ததன் விளைவு இது. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டார். ஆனால் அதற்கு முன் ஏறிய உயரம் ஏறியதுதான். உங்கள் அடித்தளத்தில் ஓதம் தடுக்கப் போட்ட பட்டை ஒரு காலத்தில் தெருவுக்கு மேலே இருந்தது. இன்று அது மண்ணுக்குள் போயிருக்கும், அதற்கு மேலுள்ள செங்கல் தெருவின் ஈரத்தை நேராகக் குடித்துக்கொண்டிருக்கும். திருவொற்றியூர், மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் உப்பு ஏறியிருப்பதால், நீரோடு உப்பும் சுவருக்குள் வருகிறது. நீர் ஆவியாகும்போது உப்பு மட்டும் நின்று படிகமாகி, பெயின்டையும் பூச்சையும் உள்ளிருந்து தள்ளுகிறது.

இந்தச் சுவரின் மேல் டைல்ஸ் ஒட்டினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் டைல்ஸுக்கு மேலே ஏறும். இன்று முழங்கால் அளவில் இருப்பது இரண்டு மூன்று ஆண்டுகளில் இடுப்பளவுக்கு வரும். பிறகு சிமெண்ட் பிடிப்பு இளகி டைல்ஸும் விழத் தொடங்கும். ஆகவே கீழே மூன்றடி உயரம் வரை பழைய பூச்சைச் செங்கல் தெரியும் வரை கொத்தி எடுங்கள். மூட்டுகளை அரை அங்குலம் ஆழத்துக்குச் சுரண்டிவிட்டு, சில வாரங்கள் காயவிட்டு, மேலே பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் உள்ளேதான் போகும். அதன்பின் நீர்த்தடுப்புக் கலவை சேர்த்துப் புதுப்பூச்சு. ஓதத்தை முழுதாக அறுக்கச் சுவரில் துளையிட்டு மருந்து செலுத்தும் முறையும் உண்டு. செலவு கூடும், ஆனால் 14 அங்குலம் புதைந்த வீட்டுக்கு அதை நான் பரிந்துரைப்பேன்.

ஒரு எச்சரிக்கை. கலவைக்கும், பூச்சுக்குத் தண்ணீர் காட்டுவதற்கும் உங்கள் போர் தண்ணீரைத் தொடவே வேண்டாம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று இந்தியத் தரநிலை ஐஎஸ் 456 சொல்கிறது. நாக்கில் வைத்தால் கரிக்கும் தண்ணீர் இந்த வேலைக்கு உதவாது. மெட்ரோ தண்ணீரை டிரம்மில் பிடித்து வையுங்கள்.

சாரம் கட்டியவன் | செப்டம்பர் 17

நான் கொருக்குப்பேட்டையில் பெயின்டிங் ஒப்பந்தம் எடுத்துச் செய்பவன். இங்கே பேசப்படுவதைக் கேட்டால் தொழிலாளியான எனக்கே வெட்கமாகவும் இருக்கிறது, நியாயமாகவும் இருக்கிறது. வாடிக்கையாளர் தீபாவளிக்குள் முடி, பொங்கலுக்குள் முடி என்று நெருக்குவார். அடிப்படை வேலைக்குக் காசு கேட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார். ஆகவே நாங்களும் சுரண்டியதுபோலப் பாவனை செய்துவிட்டு அடித்துவிட்டுப் போகிறோம். பழி ஒரு பக்கம் மட்டும் இல்லை.

உங்கள் கணக்குக்கு வருகிறேன். 22 அடி அகலமும் 25 அடி உயரமும் என்றால் 550 சதுர அடி. கதவு, ஜன்னல், கேட் எல்லாம் சேர்த்துச் சுமார் 110 கழித்து, சன்ஷேடின் மேலும் கீழும், கைப்பிடிச்சுவரின் தலை ஆகியவற்றுக்காக 60 கூட்டினால் 500 வரும். நல்ல வெளிப்புற எமல்ஷன் மழமழப்பான சுவரில் இரண்டு கோட்டுக்கு (இரண்டு முறை அடிக்க) லிட்டருக்கு 50 முதல் 60 சதுர அடி போகும். 10 லிட்டரில் உங்கள் முகப்பு முடிந்துவிடும். சொரசொரப்பாக இருந்தால் இன்னும் இரண்டு மூன்று லிட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். 20 லிட்டர் என்று சொன்னவரிடம் மீதி எங்கே போகும் என்று கேளுங்கள். வாளியை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள், நிறத்தின் எண் எழுதிய ஒட்டுச்சீட்டைக் கிழித்துப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் ஒட்டுப்போட அந்த எண் இல்லாமல் அதே நிறம் கிடைக்காது.

பெயின்டுக்கு முன் சுவரை மழமழப்பாக்க இழுக்கும் பட்டி விஷயத்தில் ஏமாறாதீர்கள். உள்சுவருக்குப் போடும் பட்டியை வெளியே இழுத்தால் பார்க்கக் கண்ணாடிபோல இருக்கும், மழை பட்டதும் பொருக்காக எழும்பிவிடும். வெளியே வெள்ளைச் சிமெண்ட் பட்டியைக்கூடத் தேவையான இடத்தில் மட்டும் மெல்லியதாக இழுத்தால் போதும். பழைய பெயின்ட் நிலைக்குமா என்று அறிய எளிய வழி உண்டு. உள்ளங்கையால் தேயுங்கள், மாவுபோல ஒட்டினால் சுரண்டியே ஆக வேண்டும். அகலமான ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி ஒரே இழுப்பில் உரியுங்கள், பெயின்டும் சேர்ந்து வந்தால் அதன்மேல் எதை அடித்தாலும் அதுவும் சேர்ந்தே வரும். பாசி இருக்கும் இடத்தில் பிளீச்சிங் பவுடர் கரைசல் அடித்து, ஊறவைத்துத் தேய்த்துக் கழுவுவோம். உப்புப் பூத்த இடத்தில் ஆசிட் அடித்துக் கழுவுவதும் வழக்கம்.

உப்புக்காற்று | செப்டம்பர் 17

நண்பரே, உங்கள் நேர்மைக்கு வணக்கம். ஆனால் ஆசிட்டை மட்டும் விட்டுவிடுங்கள். கடையில் கிடைப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கம்பி உள்ள காரையில் அதை ஊற்றுவது கடல் செய்வதையே நாமும் கூடச் செய்வதாகும். பிளீச்சிங் பவுடரையும் கம்பி தெரியும் இடத்துக்கு அருகில் கொண்டுபோக வேண்டாம், மற்ற இடங்களில் நன்றாக அலசிவிடுங்கள்.

சாரம் கட்டியவன் | செப்டம்பர் 17

ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. இருபது ஆண்டுகளாகச் செய்துகொண்டிருக்கிறோம், ஒருவரும் சொன்னதில்லை.

எர்ணாவூர் ஓரம் | செப்டம்பர் 18

எங்கள் துயரத்தையும் பதிவு செய்கிறேன், யாருக்காவது பயன்படலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. நீர் வடிந்தபின் எங்கள் தெருவில் ஒவ்வொரு சுவரிலும் கறுப்பாக ஒரு மட்டக்கோடு நின்றது. அவசரத்தில் அதன்மேலேயே பிரைமரும் இரண்டு கோட்டும் அடித்தோம். ஒரு மாதத்தில் பழுப்பு நிறத்தில் அந்தக் கோடு மீண்டும் மேலே வந்தது. பெயின்டும் தோல்போல உரிந்தது. எண்ணெய் குடித்த பூச்சை முழுவதும் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசிய வீடுகளில் மட்டும் கோடு திரும்பவில்லை. சோப்புத் தண்ணீர், சலவைச் சோடா எல்லாம் மேலோட்டமான கறைக்குத்தான் உதவின.

காலடிப்பேட்டை வாசல் | செப்டம்பர் 19

படித்துவிட்டு இரவெல்லாம் பேசினோம். டைல்ஸும் பலகையும் வேண்டாம் என்பதில் என் கணவர் இறங்கி வந்துவிட்டார். நிறத்தில் மட்டும் இறங்க மறுக்கிறார், கருஞ்சாம்பல்தான் வேண்டுமாம். மகள் வெள்ளை என்கிறாள். மாமியார், கிழக்குப் பார்த்த வீட்டுக்கு வாஸ்துப்படி பச்சையோ வெள்ளையோதான் ஆகும் என்கிறார். இதில் நான் யார் பக்கம் நிற்பது?

பழைய வண்ணை | செப்டம்பர் 20

நிறத்துக்கு முன் ஒரு சிறு கிளைக்கதை. எங்களுடையது பழைய வண்ணாரப்பேட்டையில் பாட்டனார் கட்டிய, சுண்ணாம்புக் காரை வீடு. திண்ணையும் மரத்தூணும் இன்னும் இருக்கின்றன. பத்து ஆண்டுகளுக்கு முன் நாங்களும் 'நல்ல' பெயின்ட் என்று வெளிப்புற எமல்ஷன் அடித்தோம். அதற்குமுன் ஆண்டுதோறும் போகிக்குச் சுண்ணாம்பு அடித்த காலத்தில் உதிராத சுவர், எமல்ஷன் அடித்த இரண்டாம் ஆண்டே அடை அடையாகப் பெயர்ந்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும் இயல்புடையது. அதன் வாயை அடைத்துவிட்டோம். சுரண்டி எடுத்து மறுபடி சுண்ணாம்புக்கே திரும்பினோம். நம் பகுதியில் இன்னும் எத்தனையோ பழைய வீடுகள் இப்படி இருப்பதால் சொல்கிறேன். சிமெண்டுச் சுவருக்குச் சொல்லும் யோசனையை அவற்றுக்குச் சொல்லாதீர்கள்.

நிறம் என்று வந்தால், அந்தக் காலத்து முகப்புகளை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். மேலே வெள்ளைச் சுண்ணாம்பு, அடியில் இரண்டு முழத்துக்குக் காவிப்பட்டை. அது வெறும் அழகுக்கு மட்டும் வந்ததல்ல. தெருவிலிருந்து தெறிக்கும் சேறு காவியில் தெரியாது, காவி என்பது இரும்பு ஆக்சைடு என்பதால் வெயிலில் வெளிறவும் செய்யாது. எல்லா நிறமும் மங்கினாலும் காவி மங்காமல் நிற்பதைக் கோயில் மதில்களில் யாரும் பார்க்கலாம்.

உப்புக்காற்று | செப்டம்பர் 20

அருமையான நினைவூட்டல். வாஸ்துவில் நான் கருத்துச் சொல்ல மாட்டேன். பெரியம்மாவின் மனம் கோணாமல் இருப்பதும் ஒரு வீட்டின் அழகுதான். வெயிலும் மழையும் சொல்வதை மட்டும் சொல்கிறேன்.

சென்னையில் ஒரு சுவருக்கு மிகக் கடுமையான வெயில் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் விழுகிறது. வடகிழக்குப் பருவமழையோ வடக்குச் சுவரையும் கிழக்குச் சுவரையும்தான் சாத்துகிறது. கடல் இருப்பதும் கிழக்கில். ஆகவே உங்கள் முகப்புக்கு வெயில், மழை, உப்பு மூன்றும் ஒரே திசையிலிருந்து வருகின்றன. கருஞ்சாம்பல் அடித்த கிழக்குச் சுவர் காலை ஒன்பது மணிக்கே கொதிக்கும். மாலையில் கடற்காற்று வந்து குளிர்விக்கும். இப்படி நாள்தோறும் விரிந்து சுருங்கும் சுவரில் மயிரிழை விரிசல்கள் விரைவாக வரும். உப்புப் பூத்தால் கரிய நிறத்தில்தான் மிக அசிங்கமாகத் தெரியும்.

தூய வெள்ளைக்கும் நம் பக்கம் ஆயுசு குறைவு. 2011இல் நீதிமன்ற உத்தரவுக்குப்பின் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாள்வது நின்றது; அதற்கு முன் ராயபுரத்தில் கொடியில் காய்ந்த வேட்டியைக்கூட உதறித்தான் கட்ட வேண்டும். இப்போதும் எண்ணூர் விரைவுச்சாலையில் ஓடும் கண்டெய்னர் லாரிகளின் புகையும் புழுதியும் குறைந்தபாடில்லை. வெளிர் மணல் நிறம், சந்தன நிறம், சிறிது சாம்பல் கலந்த வெள்ளை ஆகியவை அழுக்கைத் தாங்கிக்கொள்ளும், வெப்பத்தையும் திருப்பி அனுப்பும். ஆழ்ந்த சிவப்பு, பளிச்சென்ற மஞ்சள் போன்றவற்றில் பெரும்பாலும் கரிம நிறமிகள் இருப்பதால் வெயிலில் விரைவில் வெளிறும். உங்கள் பழைய மஞ்சளுக்கு நேர்ந்தது அதுவாகவும் இருக்கலாம்.

உங்கள் கணவருக்கு அவருடைய கருஞ்சாம்பலை ஜன்னல் சட்டங்களிலும் கேட்டிலும் கொடுத்துவிடுங்கள்.

கடைசி மாடி | செப்டம்பர் 21

ஒரு சிறு யோசனை, இதற்குச் செலவே இல்லை. எங்கள் வீட்டில் பலகை அடிக்கும் முன், முகப்பில் தொங்கிய பயனற்ற கேபிள் வயர்களை அறுத்தெடுத்து, மூன்று டிஷ் தட்டுகளில் இரண்டைக் கழற்றி, ஏசி நீர்க்குழாயைச் சுவரை ஒட்டிக் கீழே இறக்கினோம். அன்றைக்கே வீடு பாதி அழகாகிவிட்டது. உண்மையைச் சொன்னால், பலகையைப் பாராட்டியவர்களில் பலர் பாராட்டியது இதைத்தான் என்று இப்போது தோன்றுகிறது. பிளாஸ்டிக் குழாய்களுக்கும் சுவரின் நிறத்தையே அடித்துவிடுங்கள். கண்ணில் படாது, வெயிலில் நொறுங்குவதும் குறையும்.

சாரம் கட்டியவன் | செப்டம்பர் 21

நிறத்தைக் கடை அட்டையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அட்டையில் அடக்கமாக இருக்கும் நிறம் சுவர் முழுக்கப் பரவும்போது தூக்கலாகத் தெரியும். மூன்று நிறங்களைச் சிறிய டப்பாவில் வாங்கி, சுவரிலேயே இரண்டடிச் சதுரமாக அடித்து, காலை வெயிலிலும் மாலையிலும் தெருவிளக்கிலும் பாருங்கள். எதிர்வீட்டு அக்காவையும் ஒருமுறை கேளுங்கள். உங்கள் முகப்பை உங்களைவிட அதிக நேரம் பார்க்கப்போகிறவர் அவர்தான்.

கேட்டுக்குப் பழைய எனாமலைத் தேய்க்கும்போது உலர்ந்த உப்புத்தாள் போட வேண்டாம், நனைத்துத் தேயுங்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. குழந்தைகள் அந்தத் தூசியில் விளையாடக் கூடாது. தேய்த்தபின் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, உலர்ந்த அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். ஓர் இரவு சும்மா விட்டால் உங்கள் பக்கத்தில் காலையில் துரு பூத்திருக்கும். வெறும் ரெட் ஆக்சைடைவிட எபாக்ஸி பிரைமர் கடலோரத்தில் நன்றாக நிற்கிறது.

காலடிப்பேட்டை வாசல் | செப்டம்பர் 22

மாடிப் பால்கனிக்கு எவர்சில்வர் கைப்பிடி போட்டால் துருத்தொல்லையே இராது என்கிறார்கள். சரியா?

உப்புக்காற்று | செப்டம்பர் 22

எந்த எவர்சில்வர் என்பதைப் பொறுத்தது. பட்டறைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் 202 தரம்; உங்கள் தெருவில் ஓராண்டிலேயே பழுப்புப் புள்ளி விழும். 304 தரத்திலும் தேநீர்க் கறைபோலப் படியும், துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கடலோரத்துக்கென்றே இருப்பது 316. அதில் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் உண்டு, விலையும் அதற்கேற்ப இருக்கும். இவ்வளவு செலவு வேண்டாமென்றால், இருக்கும் இரும்புக் கைப்பிடியையே கேட்டைப்போலச் சீர்செய்து பெயின்ட் அடியுங்கள்.

கால அட்டவணையையும் சொல்லிவிடுகிறேன். கொத்து வேலை, கம்பி வேலை, கைப்பிடிச்சுவர் வாட்டம் ஆகியவற்றை மழைக்கு முன் இப்போதே முடியுங்கள். தீபாவளிக்கு வீடு பிளாஸ்திரி ஒட்டியதுபோலத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். புதுப்பூச்சு காரத்தன்மை மிக்கது. குறைந்தது 28 நாள் ஆறாமல் பெயின்ட் அடித்தால் அந்தக் காரமே பெயின்டைத் தின்றுவிடும். வடகிழக்குப் பருவமழை முழுவதும் அந்தச் சுவரைச் சோதிக்கட்டும். எங்கே கசிகிறது என்று மழையே காட்டிக்கொடுக்கும். தை பிறந்து வெயில் நிலைத்தபின் பெயின்ட் அடித்தால் மாசித் திருமணத்துக்குச் சரியாக இருக்கும். அடிப்பதற்கு முந்தைய இரவு இரண்டடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் ஒட்டிச் சுவரில் வையுங்கள். காலையில் உட்புறம் வியர்த்திருந்தால் இன்னும் பொறுங்கள்.

காலடிப்பேட்டை வாசல் | டிசம்பர் 3

இடைக்காலச் செய்தி. சன்ஷேடில் கொத்தியபோது இரண்டு இடங்களில் கம்பி பென்சில் அளவுக்குத் தேய்ந்திருந்தது; கூடுதல் கம்பி இணைத்து அடைத்தார்கள். கைப்பிடிச்சுவருக்கு உட்புறம் வாட்டம் கொடுத்தாயிற்று. கீழே துளையிட்டு மருந்தும் செலுத்தினோம், டைல்ஸுக்கு ஒதுக்கிய பணம் அதற்குச் சரியாகப் போயிற்று. தீபாவளிக்கு வந்த உறவினர்கள் வீட்டை விற்கப்போகிறோமா என்று கேட்டார்கள். ஐப்பசி மழையில் மேல்மாடிக் குளியலறைச் சுவருக்கு வெளியே புதிதாக ஒரு ஈரத்திட்டு தெரிந்தது. உள்ளே குழாய் மூட்டு கசிந்திருக்கிறது; பெயின்ட் அடித்திருந்தால் தெரிந்திருக்காது.

காலடிப்பேட்டை வாசல் | பிப்ரவரி 9

தை மூன்றாம் வாரம் தொடங்கி ஒன்பது நாளில் முடிந்தது. சுவர் வெளிர் மணல் நிறம். அடியில் இரண்டரை அடிக்குக் காவிப்பட்டை. ஜன்னல் சட்டமும் கேட்டும் கருஞ்சாம்பல். காவியைப் பார்த்ததும் மாமியார் வாஸ்துவை மறந்துவிட்டார், அவர் பிறந்த வீட்டுத் திண்ணை நினைவுக்கு வந்துவிட்டதாம். பிரைமர் ஒரு கோட்டும் எமல்ஷன் இரண்டு கோட்டுமாகப் பதினொரு லிட்டர் எமல்ஷன் செலவானது. வாசலில் வழுக்கும் டைல்ஸுக்குப் பதில் சொரசொரப்பான கருங்கல் போட்டு, கோலத்துக்கு நான்கடி இடம் விட்டோம். சாக்கடை மூடியின்மேல் இருந்த பழைய சரிவை எடுத்துவிட்டு, எங்கள் எல்லைக்குள்ளேயே சரிவு அமைத்தோம்.

பழைய வண்ணை | பிப்ரவரி 10

மணமக்களுக்கு வாழ்த்துகள். தொட்டிகளில் செடி வைப்பதானால் காகிதப்பூவும் அரளியும் உப்புக்காற்றைத் தாங்கும். சுவர் இடுக்கில் அரசங்கன்று தலைகாட்டினால் கிள்ளிவிட்டு நிம்மதியடையாதீர்கள். வேரோடு எடுத்து இடுக்கை அடையுங்கள்.

காலடிப்பேட்டை வாசல் | அக்டோபர் 27

இந்த ஆண்டின் முதல் பெருமழை நேற்று இரவு பெய்தது. காலையில் குடையோடு தெருவுக்குப் போய்ப் பார்த்தேன். கைப்பிடிச்சுவருக்குக் கீழே ஒரு கோடுகூட இல்லை. சேறு காவிப்பட்டையோடு நின்றுவிட்டது. மதியம் ஒரு வாளித் தண்ணீரில் போய்விட்டது. ஆனால் கேட்டின் கீழ்க் கீலில், பற்றவைத்த இடத்தைச் சுற்றி, நகக்கண் அளவுக்குத் துரு தெரிகிறது. இதற்காகக் கேட் முழுவதையும் மறுபடி தேய்க்க வேண்டுமா?

சாரம் கட்டியவன் | அக்டோபர் 27

வேண்டாம் அக்கா. பற்றவைத்த இடத்தில் கசடு உதிர்க்காமல் பிரைமர் அடித்திருப்பார்கள். மழை ஓய்ந்து இரண்டு நாள் வெயில் அடித்ததும், அந்த இடத்தை மட்டும் பளபளவென்று இரும்பு தெரியும் வரை தேய்த்து, கழுவி, அன்றைக்கே எபாக்ஸி பிரைமரும் அதன்மேல் இரண்டு கோட்டும் தொட்டுவிடுங்கள். கீலுக்குள் கிரீஸ் வையுங்கள். மீதி பெயின்ட் டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருக்கிறீர்கள்தானே?

காலடிப்பேட்டை வாசல் | அக்டோபர் 27

கவிழ்த்துத்தான் வைத்திருக்கிறேன். எண் எழுதிய சீட்டு அரிசி டப்பாவுக்குள் பத்திரமாக இருக்கிறது.